உட்கார்ந்து செய்யும் வேலை

மரக்காணத்தில் யார் செத்தாலும் அதை ஊருக்குச் சொல்வது பாவாடையின் வாய்தான். ஆட்டோவின் தலையில் இரண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் வண்டியையும் மறு கையில் மைக்கையும் பிடித்தபடி தெருத்தெருவாகப் போவான். சாவு மட்டுமில்லை. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வந்தது, நாளைக்குக் கரண்ட் இருக்காது, கண் சிகிச்சை முகாம், காணாமல் போன பசுமாடு என்று எல்லாமே அவன் சொல்லித்தான் ஊருக்குத் தெரியும். சுனாமி வந்த மாதத்தில் தொண்டை கட்டிப் போகிற அளவுக்குக் கத்தினான். எந்தப் பள்ளிக்கூடத்தில் சோறு, எந்தக் கல்யாண மண்டபத்தில் போர்வை என்று அவன் சொன்ன இடத்தில் அவன் சொன்னது இருந்தது. அதை ஜனங்கள் மறக்கவில்லை.

கட்சிக்காரர்களுக்கும் மைக் பிடிப்பான். அதை மட்டும் யாரும் அவன் கணக்கில் சேர்ப்பதில்லை. கட்சி மைக்கில் வருவது பொய் என்று சொல்கிறவனுக்கும் தெரியும், கேட்கிறவர்களுக்கும் தெரியும். கட்சிக்காரர்களுக்குத்தான் சில சமயம் மறந்துபோகும்.

இந்தக் குரல்மேல் பாவாடைக்கு ஒரு கர்வம் இருந்தது. தெருமுனையில் வண்டி திரும்பும்போதே அடுப்படியில் இருக்கிற பெண்கள் கரண்டியோடு வாசலுக்கு வரவேண்டும். அப்படி வராவிட்டால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது. மற்றபடி நல்ல மனுஷன். குடி கிடையாது, வீட்டில் சத்தம் கிடையாது. இருந்த சத்தத்தையெல்லாம் தெருவிலேயே செலவழித்துவிட்டு வருவான்.

2006ஆம் வருஷம் தை மாதக் கடைசியில் கௌதமன் என்று ஒரு ஏஜெண்டு வந்தான். பேண்ட்டுக்குள் சட்டையைச் செருகி, கழுத்தில் செல்போனைத் தொங்கப் போட்டிருந்தான். சென்னைப் பக்கம் ஏதோ ஓர் இறால் கம்பெனிக்கு ஆள் பிடிப்பது அவன் தொழில். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான். இறால் உரிக்கப் பெண்கள் தேவை, ஏசி ஹாலில் வேலை, தங்குமிடமும் சாப்பாடும் இலவசம், வேன் வீட்டு வாசலுக்கே வரும். அவ்வளவுதான்.

பாவாடை படித்துப் பார்த்துவிட்டுக் கேட்டான். "ஏம்பா, இந்த ஏசி யாருக்கு? வேல செய்றவங்களுக்கா, இறாலுக்கா?"

"ரெண்டுக்குந்தாண்ணா" என்று கௌதமன் சிரித்தான்.

"உக்காந்து செய்யற வேலயா, நின்னுக்கினா?"

"நின்னுக்கினுதான். மேஜ ஒசரம் அப்பிடி. ஐஸ் தண்ணில கைய வுட்டு உரிக்கணும். அதெல்லாம் மைக்ல சொல்லுவாங்களா? எழுதினத மட்டும் படிங்க, போதும்."

பாவாடை தலையாட்டினான். நின்றுகொண்டே செய்யும் வேலை என்று அவனுக்கு அப்போதே தெரியும். இதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் அவன் எத்தனை சமாதானம் தேடினாலும், இந்த இடத்தைத் தாண்டி அவனால் போக முடியவில்லை.

சாயங்காலம் வண்டியை எடுத்தான். உப்பளத்தில் அது பாத்தி மிதிக்கிற பருவம். உப்பு விளைவதற்கு முன்னால் சேற்றுத் தரையைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டியாக்க வேண்டும். பகலெல்லாம் வெயிலில் மிதித்துவிட்டு வந்த பெண்கள் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக் கிடந்தார்கள். பாவாடை தாளில் இருந்ததைக் கணீரென்று படித்தான். ஒருத்தியும் அசையவில்லை. மறுபடி படித்தான். ஒருத்தி கொட்டாவி விட்டாள். ஏசி என்பது அவர்களுக்கு டாக்டர் வீட்டில் ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் சொட்டுகிற பெட்டி. அதற்காக யார் எழுந்திருப்பார்கள்?

அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த நீட்டிய கால்களைப் பார்த்தான். குதிகால் வெடித்து, விரல் இடுக்கெல்லாம் வெளுத்துப்போன கால்கள். வாய் தானாகச் சொன்னது.

"நிக்கத் தேவையில்லை தாய்மார்களே! குனியத் தேவையில்லை! நிழலிலே, குளுகுளு ஏசியிலே, உட்கார்ந்து செய்யும் வேலை! உட்கார்ந்த இடத்திலே சம்பளம்!"

தெரு எழுந்து உட்கார்ந்தது. குடத்தை இடுப்பில் வைத்திருந்தவள் இறக்கி வைத்தாள். வண்டியைச் சுற்றி ஒரு கூட்டமே கூடிவிட்டது. பாவாடைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த தெருவில் முதல் வரியே 'உட்கார்ந்து' என்றுதான் ஆரம்பித்தான். அதற்கடுத்த தெருக்களிலும் அப்படியே சொன்னான்.

அந்தக் கூட்டத்தில் லூர்துமேரி இருந்தாள். உப்பளத்தில் வேலை செய்கிறவள், புருஷன் இல்லை. முழங்கால் வலி அவளுக்கு. காலையில் எழுந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் நடக்கவே ஆரம்பிப்பாள். பக்கத்தில் நின்றவள் செல்லம்மாள், லூர்துமேரியின் ஜோடி.

ஜோடி என்றால் சும்மா இல்லை. உப்பை வாரிக் கூடையில் நிரப்பினால் அதைத் தனியாளால் தலைக்கு ஏற்ற முடியாது. ஒருத்தி தூக்கிவிட வேண்டும், ஒருத்தி சுமக்க வேண்டும், பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும். அதனால் அப்பாவு மேஸ்திரி ஆளைக் கணக்கில் எடுப்பதில்லை, ஜோடியைத்தான் எடுப்பார். மாசியில் முதல் உப்பு வாருகிற அன்று பாத்தி மூலையில் சூடம் கொளுத்தி, ஜோடி ஜோடியாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, கையில் கூடையைக் கொடுப்பார். கூடை வாங்கினவர்களுக்கு மழை வந்து உப்பளம் மூடுகிறவரை வேலை உண்டு. வாங்காதவர்கள் அடுத்த மாசிவரை காத்திருக்க வேண்டியதுதான்.

"கூட குடுக்கற நேரம்டி. இப்பப் போயி எங்கயோ போறேங்கற" என்றாள் செல்லம்மாள்.

"நீயும் வாக்கா. உக்காந்து செய்யற வேல. எம் முட்டிக்கு ஆண்டவரு வழி காட்டிட்டாருன்னு நெனச்சிக்கறேன்."

"நான் எப்பிடி வர்றது? எங்க வீட்டுக்காரரு படுத்த படுக்கையா கெடக்கறாரு. அது இருக்கட்டும், எவனாச்சும் உக்கார வச்சி சம்பளம் குடுப்பானாடி? யோசிச்சிப் பாரு."

லூர்துமேரி பாவாடையைக் காட்டினாள். அவன் காதில் விழும்படியாகத்தான் சொன்னாள். "சொல்றது யாருக்கா? அண்ணன். எங்க மாமனாரு செத்ததையே இவருதான் ஊருக்குச் சொன்னாரு. அதுல பொய்யா சொன்னாரு?"

பாவாடை அதைக் கேட்டுப் பூரித்துப் போனான். அந்த நேரத்தில்கூட வாயைத் திறந்து, மேரி, கொஞ்சம் இரு, என்று சொல்லியிருக்கலாம். மைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

இரண்டு நாளில் வேன் வந்தது. லூர்துமேரியும் இன்னும் சில பெண்களும் ஏறிப் போனார்கள்.

மாசியில் சூடம் கொளுத்துகிற நாள் வந்தது. அன்றைக்கு உப்பளத்தில் பாட்டுப் போடுவது வழக்கம், பாவாடையின் மைக் செட்டுதான். மேஸ்திரி ஒவ்வொரு ஜோடியாகக் கூப்பிட்டார். செல்லம்மாளும் வந்து நின்றாள். முறை வந்தபோது மேஸ்திரி அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"உன் ஜோடி எங்க?"

"வந்துருவா மேஸ்திரி. சொல்லி அனுப்பிருக்கேன்."

"வரட்டும், பாக்கலாம்." அடுத்த பேரைக் கூப்பிட்டார். கூடைகள் தீர்ந்துபோயின. எல்லோரும் பாத்தியில் இறங்கிவிட்டார்கள். செல்லம்மாள் கூடைக்கு அடியில் தலையில் வைக்கிற சும்மாடுத் துணியைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு வரப்பிலேயே நின்றாள். போகவும் இல்லை, எதுவும் கேட்கவும் இல்லை. பாவாடை பாட்டுச் சத்தத்தைக் குறைத்தான், ஏனென்று தெரியாமலே. அவ சொல்லிட்டுத்தானே போனா, நான் என்ன பண்ண முடியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தனக்குச் சொல்லும்போது அந்தக் கணீர்க் குரல் வரவில்லை.

அதற்குப் பிறகு செல்லம்மாள் கிளியனூர்ப் பக்கம் களை எடுக்கப் பஸ் ஏறிப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு நாள் வேலை இருக்கும், ஒரு நாள் பஸ்ஸுக்குக் கொடுத்த தண்டம்தான் மிஞ்சும்.

பங்குனி வெயில் ஏறுகிற நேரத்தில் லூர்துமேரி திரும்பி வந்தாள். ஈசிஆர் பஸ் ஸ்டாப்பில் ஆட்டோவோடு நின்ற பாவாடைதான் அவளை முதலில் பார்த்தான். முந்தானையைக் கைகளில் சுற்றியிருந்தாள்.

"என்னா மேரி, லீவா?"

"அனுப்பிட்டாங்கண்ணா." முந்தானையை விலக்கிக் காட்டினாள். உப்பில் வெடித்திருந்த கை, அந்த வெடிப்புகளில் ஐஸ் தண்ணீரும் இறால் முள்ளும் புகுந்து, விரலெல்லாம் வீங்கிச் சீழ் வைத்திருந்தது. "இந்தக் கைய வச்சிக்கினு இறாலத் தொடக்கூடாதுன்னு சூப்பர்வைசரம்மா சொல்லிட்டாங்க. உப்பளத்துக் கைன்னு மொதல்லயே சொல்ல வேண்டியதுதானேன்னு ஒரே திட்டு. யாரு கேட்டாங்க எங்கைய?"

"கூடப் போனவங்க?"

"அங்கயேதான் நிக்கறாங்க."

பாவாடை வேறெதுவும் கேட்கக்கூடாது என்றுதான் நினைத்தான். அவளே சொன்னாள்.

"மொத நாளு நான் கேட்டேண்ணா. மேஜ மேஜயா எல்லாரும் நிக்கறாங்க. நான் போயி, நாக்காலி எங்க இருக்குதுன்னு கேட்டேன். எல்லாம் சிரிக்கிறாளுங்க. இல்லம்மா, மைக்ல உக்காந்து செய்யற வேலன்னு சொன்னாங்க, எங்கூரு பாவாடண்ணன் பொய் சொல்ல மாட்டாருன்னு சொன்னேன். அன்னையிலருந்து எனக்கு அங்க பேரே நாக்காலி மேரி."

பாவாடைக்குக் காது மடல் சுட்டது. தன் பேரை அங்கே கொண்டுபோய்ச் சத்தியம் மாதிரி வைத்திருக்கிறாள், அதைக் கேட்டு ஒரு ஹாலே சிரித்திருக்கிறது. தரையைப் பார்த்தான்.

அவன் முகம் போன போக்கை அவள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். "நீ ஏண்ணா வருத்தப்படற? நீ என்னா பண்ணுவ? எழுதிக் குடுத்தத படிச்ச. பாவம், உன்னயும் சேத்துல்ல ஏமாத்திட்டான் அந்தப் பேண்டுக்காரன்."

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தான். ஊருக்கே கேட்கும்படி கத்துகிறவனுக்கு, ஒரு முழ தூரத்தில் நிற்கிறவளிடம் சொல்லக் குரல் இல்லை. ஏறு, விட்டுடறேன் என்று மட்டும் சொன்னான். வீட்டு வாசலில் இறக்கிவிட்டு அவளிடம் காசு வாங்கவில்லை. அதைப் பெரிய மனசு என்று நினைத்து அவள் கும்பிட்டாள். வெட்கக்கேடு. அந்தக் கும்பிடு அவனை அன்றைக்கு முழுக்க விடவில்லை.

புண் ஆற நாளானது. ஆறிய பிறகும் அவளுக்கு வேலை இல்லை. அதைவிட, செல்லம்மாள் அவளோடு பேசவில்லை. தண்ணிக் குழாயில் லூர்துமேரி நின்றால் செல்லம்மாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுவாள். உக்காந்து சம்பாரிக்கப் போன மவராசி என்று தெருவில் பேர் வைத்தாயிற்று. உட்கார ஆசைப்பட்டாள் என்பதுதான் அவள் செய்த குற்றம். ஒரு பொம்பளை உட்கார ஆசைப்பட்டால் உலகத்துக்கு அவ்வளவு கோபம் வருகிறது. பாவாடை அந்தத் தெருவில் போகும்போதெல்லாம் மைக்கை வாயிலிருந்து எடுத்துவிட்டு வேகமாகக் கடந்தான்.

சித்திரையில் ஒரு கூடை காலியானது. தாயும் மகளுமாக இருந்த ஒரு ஜோடியில் மகளுக்குப் பிரசவ நேரம், தாயும் துணைக்கு நின்றுவிட்டாள். டீக்கடையில் அப்பாவு மேஸ்திரி பாவாடையிடம் சொன்னார். "செல்லம்மாளும் மேரியும் வந்தா குடுத்துடறேன். வேல தெரிஞ்சவளுங்க. ஆனா ரெண்டும் மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு வந்தா ஆவாது. மனசில்லாம தூக்கிவுட்டா கூட தலயில ஏறாது, கழுத்துலதான் எறங்கும். போன வருசம் ஒருத்தி கழுத்து சுளுக்கிக் கெடந்தாளே, பாத்தல்ல."

மேஸ்திரி கேட்காமலேயே பாவாடை ரெண்டு பேரையும் கூட்டி வருவதாகச் சொன்னான். மறுநாள் காலையில் லூர்துமேரியை ஆட்டோவில் உப்பளத்துக்கு அழைத்துப் போனான். செல்லம்மாள் ஆட்டோவில் ஏற மாட்டேன் என்று சொல்லி நடந்தே வந்தாள். பாத்திகளில் வேலை நடந்துகொண்டிருந்தது. வெள்ளை வெளேரென்று கண் கூசியது. உப்பு அம்பாரத்துப் பக்கத்தில் மேஸ்திரி கூடையோடு நின்றார். சுமந்து வந்த பெண்கள் கொட்டிவிட்டு அப்படியே நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"என்னா செல்லம்மா, சம்மதமா?" என்றார் மேஸ்திரி.

"எனக்கு வேற யாரயாச்சும் போடுங்க மேஸ்திரி. இவ வேணாம். நாளைக்கே எவனாச்சும் மைக்ல, படுத்துக்கினு செய்யற வேலன்னு சொன்னா இவ கூடயப் போட்டுட்டு ஓடிடுவா. நான் மறுபடியும் வரப்புல நிக்கணும்."

பெண்கள் சிரித்தார்கள். லூர்துமேரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"சிரிக்காதீங்கடி. அன்னிக்கு நான் நின்ன நெலம உங்களுக்குத் தெரியாது" என்று செல்லம்மாள் அவர்கள் மேலேயும் பாய்ந்தாள். குரல் உடைந்துவிட்டது. "நான் என்னா சொன்னேன்? எவனாச்சும் உக்கார வச்சி சம்பளம் குடுப்பானாடின்னு கேட்டனா இல்லியா? நம்பறதுக்கும் ஒரு அளவு வேணாமா? புத்தி எங்க போச்சு இவளுக்கு?"

லூர்துமேரி நிமிர்ந்தாள். "எனக்குப் புத்தி இல்லக்கா, ஒத்துக்கறேன். படிச்ச மனுசன், ஊரு ஒலகம் தெரிஞ்சவரு, அண்ணனே நம்பித்தானே சொன்னாரு? அவரே நம்பினத நான் நம்பினதுல என்னா தப்பு? நீயே கேளு. சொல்லுண்ணா."

எல்லோரும் பாவாடையைப் பார்த்தார்கள்.

ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். ஒரு வார்த்தைகூடச் செலவில்லை. அவள் தன்னிடம் இருந்த ஒரே சாட்சியாக அவனை நிறுத்தியிருந்தாள். அவன் ஏமாந்தவன் என்றால்தான் அவள் முட்டாள் இல்லை. தலையை ஆட்டிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தான், அதை மறைப்பானேன். அப்புறம் அவள் கையைப் பார்த்தான். தோல் உரிந்து புதுத்தோல் வந்த இடமெல்லாம் சிவப்பாக இருந்தது. அந்தக் கையை மறுபடி உப்பில் வைக்க இடம் கேட்டு வந்திருக்கிறாள்.

"நான் நம்பல மேரி" என்றான்.

அவளுக்குப் புரியவில்லை. "என்னாண்ணா?"

"அந்த ஏஜெண்டு எங்கிட்ட சொன்னான். நின்னுக்கினு செய்யற வேல, ஐஸ் தண்ணில கைய வுடணும்னு சொன்னான். நான் கேட்டேன், அவன் சொன்னான். எழுதிக் குடுத்ததுலயும் உக்காந்துன்னு இல்ல. அது நான் போட்டது."

"நீ போட்டதா? எதுக்குய்யா?" என்றார் மேஸ்திரி.

பாவாடை யோசித்தான். காசுக்காக என்று சொல்ல முடிந்தால் நன்றாயிருந்திருக்கும். அது ஒரு காரணமாவது. உள்ளதைச் சொன்னான். "யாரும் திரும்பிப் பாக்கல மேஸ்திரி."

யாராவது திட்டியிருக்கலாம். செல்லம்மாள் சும்மாட்டால் முகத்தில் ஒன்று போட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பான். மேஸ்திரி காறித் துப்பினார், அதுவும் வேறு பக்கம் திரும்பித்தான். லூர்துமேரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஹாலில் நாற்காலி எங்கே என்று கேட்ட நேரத்தில் அவள் முகம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது. அவளை அவன் ஏமாற்றியது தை மாதத்தில். அவளுக்குத் தெரிந்ததென்னவோ இப்போதுதான், இத்தனை பேருக்கு நடுவில்.

செல்லம்மாள் மேஸ்திரி கையிலிருந்த கூடையை வாங்கினாள். லூர்துமேரியிடம் போய், "வாடி" என்றாள். அவ்வளவுதான். இரண்டு பேரும் பாத்தியில் இறங்கினார்கள். செல்லம்மாள் உப்பை நிரப்பி, லூர்துமேரி தலையில் சும்மாட்டைத் தானே சரிசெய்து வைத்து, ஒரே மூச்சில் தூக்கி ஏற்றினாள். கூடை நேராக உட்கார்ந்தது.

பாவாடை சாயங்காலம்வரை அங்கேயே காத்திருந்தான், வீட்டில் கொண்டுபோய் விடலாமே என்று. வேலை முடிந்து வந்தபோது லூர்துமேரி அவன் பக்கம் திரும்பவில்லை. செல்லம்மாள்தான் நின்று சொன்னாள். "நாங்க நடந்து போயிக்கறோம். நீ போ." இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி வரப்போடு நடந்தார்கள். அந்த முட்டியோடு அவள் நடப்பதைப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு வண்டியை வேறு வழியில் திருப்பினான்.

இதற்கப்புறம் ஊர் ஒன்றும் தலைகீழாகிவிடவில்லை. தேர்தல் வந்தது, போனது. எல்லாக் கட்சிக்கும் பாவாடை மைக் பிடித்தான். அவன்மேல் யாருக்கும் கோபம் இருப்பதாகத் தெரியவில்லை. நாளடைவில் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தான்.

ஆனி மாதத்தில் ஒரு காலையில் சடையப்பன் செத்துப்போனார். உப்பளத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர், அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் வேண்டியவர். பாவாடை செய்தி சொல்லக் கிளம்பினான். இதில் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதல்கூட இருந்தது. சாவில் கூட்டுவதற்கும் குறைப்பதற்கும் எதுவுமில்லை.

"உப்பளத் தொழிலாளி சடையப்பன் அவர்கள் இன்று காலை இயற்கை எய்தினார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். அன்னாரது இறுதி ஊர்வலம் இன்று மாலை..."

லூர்துமேரி வீட்டிலிருந்து வெளியே வந்தாள். வேலைக்குக் கிளம்பிய கோலம், தோளில் சும்மாடு. தெருவின் நடுவில் வந்து நின்று கையைக் காட்டினாள். அவன் வண்டியை நிறுத்தினான். அன்றைக்கு அப்புறம் அவள் அவன் பக்கத்தில் வந்ததே இல்லை. பேசப்போகிறாள் என்று அவனுக்கு உள்ளே குளிர்ந்தது.

அவள் ஆட்டோவுக்குள் குனிந்து அவன் கண்ணைப் பார்த்துக் கேட்டாள்.

"நெசமா?"

குத்திக்காட்டக் கேட்கவில்லை. கேலியும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவன் எத்தனையோ சாவு சொல்லியிருக்கிறான், ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்லை.

"நெசந்தாம்மா" என்றான். "நெசமாவே செத்துட்டாரு."

சொன்ன பிறகுதான் தெரிந்தது, மைக் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. அவள் கேட்டதும் அவன் சொன்னதும் இரண்டு குழாயிலும் பாய்ந்து தெருத்தெருவாகப் போய்க்கொண்டிருந்தன. லூர்துமேரி தலையசைத்துவிட்டு, எதற்கும் நேரில் பார்த்துவிடலாம் என்பதுபோல், சடையப்பன் வீட்டுப் பக்கம் நடந்தாள்.

பாவாடை வண்டியை எடுத்தான். அடுத்த தெருவுக்குத் திரும்பும்போதே பெண்கள் வாசலுக்கு வந்து நின்றிருந்தார்கள். அவன் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவர்களில் ஒருத்தி கேட்டாள், "நெசந்தானா?"